பயனர் பின்னூட்டமும் பொருள் வடிவமைப்பும்

பயனர் பின்னூட்டம் என்பது ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் அதனை உருவாக்கியோருக்குத் தெரிவிக்கும் கருத்து, முறையீடு, வேண்டுகோள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். இதனை உருவாக்குநர் எந்த அளவுக்குப் பின்பற்ற வேண்டும் என்பது நிகழ்பட ஆட்டத் துறையில் நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும். ஆட்டக்காரர் சொல்வதை எல்லாம் செய்தால் ஆட்டம் சிதைந்துவிடும் என்போரும், அவர்கள் சொல்வதைச் செய்யாவிட்டால் ஆட ஆளே இருக்காது என்போரும் உள்ளனர். இதே கேள்வி மகிழுந்து, மோட்டார் சைக்கிள், நகர்பேசி முதலிய ஆலைப் பொருட்களுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் செய்யப்பட்ட சில பொருட்களின் வரலாறு, இக்கேள்விக்கு ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளைத் தருகிறது. பயனர் சொல்லைக் கேட்டு வென்ற பொருளும், கேட்கத் தாமதித்து இழந்த பொருளும், பற்றாளர்களின் எதிர்ப்பை மீறி வளர்ந்த பொருளும், வாங்குவோர் விருப்பத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டதால் பழிக்கு உள்ளான பொருளும் இங்கு உருவாயின.

பின்னூட்டத்தின் வகைகள்

பின்னூட்டம் பெறப்படும் முறையைக் கொண்டு அதனை நான்காகப் பிரிக்கலாம்.

1. கேட்டறிதல்: பொருள் வெளிவருமுன் மாதிரியைக் காட்டிக் கருத்துக் கேட்பது. மகிழுந்து நிறுவனங்கள் வெளியிடாத வண்டியை ஓர் அரங்கில் நிறுத்திப் பொதுமக்கள் சிலரை அழைத்துக் கருத்துப் பெறுவதும், ஆட்ட நிறுவனங்கள் சோதனைப் பதிப்பை வெளியிடுவதும் இவ்வகை.

2. நோக்கியறிதல்: பயனர் என்ன சொல்கிறார் என்பதை விடுத்து, அவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்ப்பது. ஓர் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் பலர் ஆட்டத்தை விட்டு விலகுகின்றனர் என்று கணக்கெடுப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

3. வாக்கெடுப்பு: முடிவையே பயனரிடம் ஒப்படைப்பது.

4. முறையீடு: பொருள் விற்பனையான பின்னர் வரும் குறைகள். பழுதுபார்ப்பு நிலையங்கள், விற்பனையாளர்கள், உரிமையாளர் குழுக்கள் வழியாக இவை நிறுவனத்தை அடைகின்றன.

இந்நான்கும் ஒரே செய்தியைத் தருவதில்லை. பயனர் வாயால் சொல்வதும் கையால் செய்வதும் வேறுபடுவது உண்டு. வாக்களிப்போர் எல்லோரும் வாங்குவதில்லை. முறையிடுவோர் பொருளை ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டுமே. வாங்காமல் விலகிச் சென்றவர் எதையும் சொல்வதில்லை.

நிகழ்பட ஆட்டத் துறையில்

நிகழ்பட ஆட்டங்கள் தொடக்கக் காலத்தில் அட்டையிலோ வட்டிலோ பதிக்கப்பட்டு ஒருமுறை விற்கப்பட்டன. விற்றபின் மாற்றுவது அரிது. இணைய இணைப்பு பரவலான பின்னர், வெளியிட்ட ஆட்டத்தைத் தொடர்ந்து திருத்தும் வழக்கம் தோன்றியது. அதன்பின் ஆட்டக்காரர் கருத்து ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியதாயிற்று.

2012 மார்ச் மாதம் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட் 3 ஆட்டத்தின் கதை முடிவு ஆட்டக்காரர் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. எதிர்ப்பு வலுத்ததால், அதே ஆண்டு சூன் மாதம் முடிவுப் பகுதியை விரித்துரைக்கும் இணைப்பை நிறுவனம் இலவசமாக வெளியிட்டது. எனினும் அடிப்படை முடிவு மாற்றப்படவில்லை. ஒரு கதையின் முடிவை வாசகர் கேட்டு மாற்றலாமா என்ற பழைய கேள்வி இதனால் மீண்டும் எழுந்தது.

2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வெளிவந்தபோது, ஆட்டத்துக்குள் பணம் செலுத்திப் பெறும் பெட்டிகள் குறித்துக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் நிறுவனம் அவ்வகை விற்பனையை நிறுத்தி வைத்தது. இங்கு ஆட்டக்காரர் எதிர்த்தது கலைத் தேர்வை அன்று, விலை முறையை. ஆகவே இதனை மாஸ் எஃபெக்ட் நிகழ்வோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தின் பழைய வடிவத்தை மீண்டும் தருமாறு ஆட்டக்காரர் பல ஆண்டுகள் கேட்டு வந்தனர். 2013ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றில் இது பற்றிக் கேட்கப்பட்டபோது, நீங்கள் அதை விரும்புவதாக நினைக்கிறீர்கள், உண்மையில் விரும்பவில்லை என்ற பொருள்பட பிளிசார்ட் நிறுவனத்தின் சார்பில் விடை கூறப்பட்டது. 2017இல் நிறுவனம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2019 ஆகத்து 27 அன்று பழைய வடிவம் வெளியானபோது உள்நுழைவதற்கு ஆட்டக்காரர் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. பயனர் தம் விருப்பத்தைத் தாமே அறியார் என்ற கருத்துக்கு இது எதிர்ச்சான்றாகக் காட்டப்படுகிறது.

வாக்கெடுப்பு முறையின் தெளிவான எடுத்துக்காட்டு ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆகும். 2007ஆம் ஆண்டு வடிவத்தை மீட்பதா என 2013இல் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அதன்பின் புதிய உள்ளடக்கம் சேர்க்க 75 விழுக்காடு வாக்கு தேவை என்ற விதி நெடுநாள் பின்பற்றப்பட்டது. பாதிப் பேருக்குச் சற்று அதிகமானோர் விரும்பினால் மட்டும் போதாது, எஞ்சியோரின் ஆட்டமும் அதுவே என்பது இவ்விதியின் உட்கருத்து.

மேஜிக் என்னும் சீட்டாட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர், 2016இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் நிகழ்த்திய உரையில் இது தொடர்பான ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். ஆட்டக்காரர் குறையைக் கண்டறிவதில் வல்லவர், ஆனால் அக்குறைக்குத் தீர்வு காண்பதில் வல்லவர் அல்லர் என்பது அவரது கருத்தின் சாரம். வலி எங்கே என்று நோயாளியைத்தான் கேட்க வேண்டும், மருந்து எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இந்தியாவில் பப்ஜி மொபைல் ஆட்டம் 2020 செப்டம்பர் 2 அன்று தரவுப் பாதுகாப்புக் காரணங்களைக் காட்டித் தடை செய்யப்பட்டது. 2021 சூலையில் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கெனத் தனி வடிவத்தை வெளியிட்டது. அதில் குருதித் தெறிப்பின் நிறம் மாற்றப்பட்டதுடன், 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டுமே ஆடலாம் என்ற வரம்பும் வைக்கப்பட்டது. இவ்வடிவமும் 2022 சூலையில் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆடும் சிறுவர் எவரும் நேர வரம்பு வேண்டும் என்று கேட்பதில்லை. ஓர் ஆட்டத்தின் பாதிப்புக்கு உள்ளாவோர் ஆட்டக்காரர் மட்டும் அல்லர் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டை

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் ஆகியனவும், அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் உள்ள ஒரகடமும், அவற்றை அடுத்த வல்லம் வடகாலும் இத்தொழிற்பட்டையில் அடங்கும். தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இவ்விடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்துள்ளது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நிறுவியதைத் தொடர்ந்து இப்பகுதி வேகமாக வளர்ந்தது. நோக்கியா, ரெனோ–நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு முதலிய நிறுவனங்கள் பின்னர் வந்தன.

இங்கு செய்யப்படும் பொருட்களில் பல, முதலில் வேறு நாட்டுப் பயனருக்காக வரையப்பட்டவை. அவற்றை இந்தியப் பயனருக்கு ஏற்ப மாற்றுவதா, எவ்வளவு மாற்றுவது என்ற கேள்வி இத்தொழிற்பட்டையின் தொடக்கம் முதலே இருந்து வருகிறது.

எடுத்துக்காட்டுகள்

ஹூண்டாய் சான்ட்ரோ

ஹூண்டாயின் முதல் இந்திய வண்டியான சான்ட்ரோ 1998 செப்டம்பர் 23 அன்று வெளியானது. இது கொரியாவில் 1997இல் வெளியான அடோஸ் என்னும் சிறு மகிழுந்தை அடிப்படையாகக் கொண்டது. அடோசின் உயர்ந்த, குறுகிய தோற்றம் இந்தியாவில் அப்போது விற்பனையில் இருந்த தாழ்வான சிறு வண்டிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இந்தியாவுக்கு வந்தபோது வண்டியின் வெளித்தோற்றம் திருத்தப்பட்டது. ஆனால் உயரம் குறைக்கப்படவில்லை. எளிதாக ஏறி இறங்கவும், தலைக்கு மேல் இடம் இருக்கவும் அவ்வுயரமே காரணம் என்பதால் நிறுவனம் அதனையே சிறப்பாக விளம்பரப்படுத்தியது. கண்ணுக்கு முதலில் உறுத்திய ஒன்று பயன்பாட்டில் நன்மையாக அமைந்தது. சான்ட்ரோ இந்தியாவில் 13 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாகி, 2014 இறுதியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹூண்டாய் புதிய சிறு மகிழுந்து ஒன்றை உருவாக்கியது. அதற்குப் பெயர் சூட்டும் போட்டியை 2018இல் பொதுமக்களிடையே நடத்தியது. மக்கள் பெரிதும் முன்மொழிந்த சான்ட்ரோ என்ற பழைய பெயரே சூட்டப்பட்டு, 2018 அக்டோபர் 23 அன்று வண்டி வெளியானது. தொடக்கத்தில் நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. 2022இல் இவ்வண்டி விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஹூண்டாய் வெளியிட்ட புதிய சிறு வண்டியான எக்ஸ்டர், மக்கள் அப்போது நாடிய சிறு எஸ்யூவி தோற்றத்தில் அமைந்திருந்தது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரே பெயரைக் கொண்டவை எனினும், பின்னூட்டத்தின் இரு வேறு இயல்புகளைக் காட்டுகின்றன. 1998இல் பயனர் பழக்கம் கருத்தில் கொள்ளப்பட்டது, முடிவு வடிவமைப்பாளரிடமே இருந்தது. 2018இல் பெயர் பற்றிய முடிவு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் பழைய பெயரின் மீதுள்ள அன்பு புதிய வண்டியை வாங்கும் விருப்பமாக மாறவில்லை.

நோக்கியா

நோக்கியா நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2006 சனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2003இல் வெளியான நோக்கியா 1100 என்னும் நகர்பேசி இந்தியா போன்ற நாடுகளின் வாழ்க்கை முறையைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டிருந்தது. தூசு புகாத விசைப்பலகை, ஈரக் கையிலும் வழுக்காத பக்கங்கள், மின்வெட்டில் உதவும் டார்ச் விளக்கு ஆகியன அதன் சிறப்புகள். உலகெங்கும் சுமார் 25 கோடி விற்பனையான இக்கருவி, நோக்கியறிதல் முறையின் வெற்றிக்குச் சான்றாகும். டார்ச் வைத்த தொலைபேசி வேண்டும் என்று கேட்கத் தோன்றாதவரும், கையில் கிடைத்தபின் அதை விடவில்லை.

நிகழ்பட ஆட்ட வரலாற்றிலும் நோக்கியாவுக்கு இடம் உண்டு. 1997இல் நோக்கியா 6110 கருவியில், தனேலி அர்மாந்தோ எழுதிய பாம்பு ஆட்டம் சேர்க்கப்பட்டது. நகர்பேசியில் ஆட்டம் வேண்டும் என்று பயனர் கூட்டம் எதுவும் போராடாத காலம் அது. பின்னர் அதன் அடுத்த வடிவம் 1100 கருவியிலும் இடம்பெற்றது. இந்தியாவில் எண்ணற்றோருக்கு அதுவே முதல் மின்னணு ஆட்டமாக அமைந்தது.

எனினும் இரட்டைச் சிம் அட்டை விடயத்தில் நோக்கியா பயனர் தேவையை உணரத் தாமதித்தது. இந்தியாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் அழைப்புக் கட்டணம் வேறுபட்டது. ஒரு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால் கூடுதல் கட்டணம் வந்தது. இதனால் பலர் இரண்டு சிம் அட்டைகளை வைத்திருந்தனர். ஒரே கருவியில் இரண்டையும் இடும் வசதியை மைக்ரோமேக்ஸ், கார்பன் போன்ற இந்திய வணிகப் பெயர்கள் குறைந்த விலையில் தந்து சந்தையில் இடம்பிடித்தன. நோக்கியாவின் சி1-00 கருவி 2010இல்தான் அறிவிக்கப்பட்டது. அதிலும் இரு சிம் அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒன்றே இயங்கியது. இரண்டும் ஒருங்கே அழைப்புக்குக் காத்திருக்கும் சி2-00 போன்ற கருவிகள் 2011இல் வந்தன.

நோக்கியாவைக் கையில் வைத்திருந்தோர் பெரும்பாலும் அதில் நிறைவு கொண்டவர்கள். நிறைவு கொள்ளாதவர் வேறு கருவி வாங்கிக்கொண்டு போய்விட்டனர். தன்னிடம் இருப்போரை மட்டும் கேட்கும் நிறுவனத்துக்குப் போனவர்களின் குரல் கேட்பதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. இதற்கு நேரடிக் காரணங்கள் வேறு. வரித் தகராற்றில் ஆலை முடக்கப்பட்டதால், நோக்கியாவின் கருவிப் பிரிவை 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியபோது இவ்வாலை அதில் சேரவில்லை. ஆயினும் திறன்பேசிச் சந்தையிலும் எளிய நகர்பேசிச் சந்தையிலும் நோக்கியா கண்ட சரிவே அவ்விற்பனைக்குப் பின்னணியாக இருந்தது. ஆலையில் பணியாற்றிய பல ஆயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். இவர்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையினர். பொருளின் வடிவமைப்பு பற்றிய முடிவில் இவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

ராயல் என்ஃபீல்டு

ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் 1955 முதல் சென்னையில் செய்யப்படுகின்றன. திருவொற்றியூர் ஆலையைத் தொடர்ந்து ஒரகடம் ஆலை 2013இலும், வல்லம் வடகால் ஆலை 2017இலும் இயங்கத் தொடங்கின. தீவிரப் பற்றாளர்களைக் கொண்ட வண்டி என்பதால், பின்னூட்டம் பற்றிய விவாதத்தில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

2000ஆம் ஆண்டளவில் இந்நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தது. அப்போது பொறுப்பேற்ற சித்தார்த்த லால், தாமே வண்டி ஓட்டியும் ஓட்டுநர்களோடு பழகியும் குறைகளை அறிந்தார். பழைய புல்லட் வண்டியில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. இந்தியாவின் மற்ற மோட்டார் சைக்கிள்களில் இது நேர்மாறு. வார்ப்பிரும்பு எஞ்சினில் எண்ணெய்க் கசிவும் பழுதும் மிகுதி. பழைய ஓட்டுநர்கள் இவற்றைக் குறையாகக் கருதாது, வண்டியின் அடையாளமாகவே கருதினர். கியரை இடப்பக்கம் மாற்றுவதையும் எஞ்சினை மாற்றுவதையும் அவர்களில் பலர் விரும்பவில்லை.

நிறுவனம் இதில் பற்றாளரின் விருப்பத்தைப் பின்பற்றவில்லை. கியர் இடப்பக்கம் மாற்றப்பட்டது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்த அலுமினிய எஞ்சின் 2008–2009 காலத்தில் அறிமுகமானது. ஆனால் நீண்ட வீச்சு கொண்ட ஒற்றை உருளை அமைப்பும் பழைய தோற்றமும் காக்கப்பட்டன. 2009இல் இந்தியாவில் வெளியான கிளாசிக் வண்டி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகள் எழுந்தது இவ்வளர்ச்சியின் விளைவே. பற்றாளர் கோரியபடி எதையும் மாற்றாதிருந்தால் அவர்களுக்குமே வண்டி கிடைக்காமல் போயிருக்கக்கூடும். அவர்கள் மதித்த தோற்றத்தையும் துடிப்பையும் அடியோடு கைவிட்டிருந்தால் அது ராயல் என்ஃபீல்டாக இருந்திராது.

2016இல் வெளியான ஹிமாலயன் வண்டி வேறு வகையான பாடத்தைத் தந்தது. தொடக்கக் காலத்தில் வாங்கியோர் எஞ்சின் இரைச்சல், மின்கருவிக் கோளாறு முதலிய பல குறைகளைத் தெரிவித்தனர். 2017இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுக்கு ஏற்ப எரிபொருள் உட்செலுத்து முறையோடு வெளிவந்த திருத்திய வடிவம் நம்பிக்கையை மீட்டது. நெடுஞ்சாலையில் ஆற்றல் போதவில்லை என்ற குறை நீடித்தது. 2023 நவம்பரில் 452 கன செ.மீ. கொண்ட, நீர்க்குளிர்ப்பு எஞ்சினுடன் புதிய ஹிமாலயன் வெளியானது. அவ்வண்டி இந்தியாவில் டியூப் உள்ள சக்கரங்களுடன் வந்தபோது, தொலைதூரம் செல்வோர் டியூப் இல்லாச் சக்கரம் வேண்டினர். 2024இல் அது விருப்பத் தேர்வாகத் தரப்பட்டது. பழைய வண்டியின் எளிமை போய்விட்டதாக வருந்தியோரும் உளர். முன்னதைக் கேட்டவர்களும் பின்னதற்கு வருந்தியவர்களும் ஒரே ஓட்டுநர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

டட்சன் கோ

ஒரகடத்தில் 2010இல் தொடங்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலையில் செய்யப்பட்ட டட்சன் கோ, 2014 மார்ச் மாதம் சுமார் 3.12 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வெளியானது. இந்திய வாங்குநர் முதலில் கேட்பது விலையும் எரிபொருள் சிக்கனமும் என்பது அக்காலத்தில் மகிழுந்துத் துறையின் பொதுக் கருத்தாக இருந்தது. வெளிவந்தபோது இவ்வண்டியின் எந்த வகையிலும் காற்றுப்பை இல்லை.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் இவ்வண்டி வயது வந்தோர் பாதுகாப்பில் சுழிய விண்மீன் பெற்றது. வண்டிக்கூடே உறுதியற்றதாக இருந்தது என அவ்வமைப்பு கூறியது. விற்பனையை நிறுத்துமாறு அதன் தலைவர் மாக்ஸ் மோஸ்லி நிசான் தலைமைக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு தொடக்கத்தில் வேறு பல நிறுவனங்களின் இந்தியச் சிறு வண்டிகளும் இத்தகைய சோதனையில் சுழியமே பெற்றிருந்தன. ஆகவே இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டும் அன்று.

பின்னர் அரசு விதிகள் மாறின. புதிய வகை வண்டிகளுக்கு 2017 அக்டோபர் முதல் மோதல் சோதனையும், 2019 சூலை முதல் ஓட்டுநர் காற்றுப்பையும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை 2021இல் கட்டாயமாகத் தொடங்கியது. 2018இல் திருத்தி வெளியிடப்பட்ட கோ வண்டியில் இரு காற்றுப்பைகள் சேர்க்கப்பட்டன. டட்சன் வணிகப் பெயர் 2022இல் இந்தியாவில் கைவிடப்பட்டது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் எனும் இந்திய மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

கேட்காத ஒன்றைத் தரத் தேவையில்லை என்ற வாதத்தின் எல்லையை இது காட்டுகிறது. காற்றுப்பையின் தேவை விபத்து நேரும் வரை பயனருக்குத் தெரிவதில்லை. நேர்ந்தபின் பின்னூட்டம் தர அவர் இல்லாமலும் போகலாம்.

ஆதரவான வாதங்கள்

* பொருளை நாள்தோறும் பயன்படுத்துவோர், வடிவமைப்பாளர் எதிர்பாராத சூழல்களில் அதைப் பயன்படுத்துகின்றனர். சோதனைச் சாலையில் தெரியாத குறை மலைச்சாலையில் தெரியும்.
* தம் சொல் கேட்கப்பட்டதாக உணரும் பயனர் குறைகளைப் பொறுத்துக்கொண்டு தொடர்கிறார். ஹிமாலயன் வண்டியின் முதற்குறைகளுக்குப் பின்னும் அதன் ஓட்டுநர் கூட்டம் வளர்ந்தது இதற்குச் சான்று.
* தேவையைப் புறக்கணித்தால் போட்டியாளர் அதை நிறைவு செய்வார். இரட்டைச் சிம் நிகழ்வு இதனைக் காட்டுகிறது.
* பணம் கொடுத்து வாங்கிய பின்னரும் மாறிக்கொண்டே இருக்கும் பொருளில், மாற்றம் பற்றிச் சொல்ல வாங்கியவருக்கு உரிமை உண்டு. இவ்வாதம் இணையவழி ஆட்டங்களுக்கு மிகவும் பொருந்தும்.

எதிரான வாதங்கள்

* உரக்கப் பேசுவோர் பெரும்பான்மையினர் அல்லர். தேர்ந்த ஆட்டக்காரர் கேட்கும் கடினம் புதியவரை விரட்டும். பழைய புல்லட் ஓட்டுநர் விரும்பிய வலக்கால் கியர் புதியவருக்குத் தடையாக இருந்தது.
* பயனர் அறிந்தவற்றிலிருந்தே விருப்பம் பிறக்கிறது. இதுவரை இல்லாத ஒன்றை அவர் கேட்பது அரிது.
* பயனர்கள் தமக்குள் முரண்படுகின்றனர். ஒரு தரப்பைப் பின்பற்றுவது மறு தரப்பைப் புறக்கணிப்பதாகும்.
* விரும்புவதாகச் சொல்வதும் வாங்குவதும் வேறு.
* பாதுகாப்பு, சிறுவர் நலம், சூழல் மாசு ஆகியவற்றில் பாதிக்கப்படுவோர் பயனர் மட்டும் அல்லர். இவற்றை வாங்குநர் விருப்பத்துக்கு விட இயலாது.

ஆட்டத்துக்கும் ஆலைப் பொருளுக்கும் உள்ள வேறுபாடு

ஓர் ஆட்டத்தைத் திருத்த, நிரல் எழுதி இற்றைப்படுத்தினால் போதும். திருத்தம் பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே திரும்பப் பெறலாம். ஆலைப் பொருளில் ஒரு பாகத்தை மாற்ற அச்சு, உதிரிப் பாகம் வழங்குவோர், அரசுச் சான்று, விற்பனை நிலையக் கையிருப்பு ஆகிய அனைத்தையும் மாற்ற வேண்டும். ஒரு பாகத்தின் வடிவம் மாறினால் அதனை மட்டுமே செய்துவந்த சிறு ஆலையின் வேலையும் மாறும். எனவே ஆலைப் பொருளில் பின்னூட்டம் பெரும்பாலும் அடுத்த வடிவத்துக்கே பயன்படுகிறது. முதலில் வாங்கியவர் சொன்ன குறையின் பயனைப் பின்னர் வாங்குபவர் அடைகிறார்.

விற்ற பொருளை அப்போதே திருத்த வேண்டிய நிலை பாதுகாப்புக் குறைகளில் ஏற்படுகிறது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு, தீப்பற்றுச் சுருளில் கண்ட குறையால் சுமார் 2,37,000 வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. இக்குறை நிறுவனத்தின் உள்சோதனையில் கண்டறியப்பட்டது. பயனர் முறையீட்டை மட்டும் நம்பியிராமல் உருவாக்குநரே சோதிக்க வேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.

மறுபுறம், திருத்துவது எளிது என்பதே ஆட்டத் துறையில் ஒரு கேடாகவும் அமைகிறது. முடிவுறாத ஆட்டத்தை முழு விலைக்கு விற்று, குறைகளை ஆட்டக்காரர் சொல்லத் திருத்திக்கொள்ளலாம் என்ற போக்கு கண்டிக்கப்படுகிறது. இந்நிலையில் பின்னூட்டம் உரிமையாக இல்லாமல், ஊதியமில்லா வேலையாகிவிடுகிறது.

தொழிலாளர் பின்னூட்டம்

பொருளைப் பற்றி அறிந்தவர் பயனர் மட்டும் அல்லர். அதனைப் பூட்டுவோரும் அறிவர். எந்தத் திருகு சரியாகப் பொருந்தவில்லை, எந்தப் பாகம் அடிக்கடி திருப்பி அனுப்பப்படுகிறது என்பது உற்பத்தி வரிசையில் நிற்பவருக்கே முதலில் தெரியும். யப்பானிய உற்பத்தி முறையில் தோன்றிய கைசன் என்னும் தொடர் மேம்பாட்டு வழக்கம் இவ்வறிவைப் பயன்படுத்துவதை நோக்கமாகக் கொண்டது. ஆட்டத் துறையில் இதற்கு இணையானவர் தரச் சோதனையாளர் ஆவர். வெளியீட்டுக்குப் பின் ஆட்டக்காரர் சுட்டும் குறைகளில் பல இவர்களால் முன்பே சுட்டப்பட்டவையாக இருப்பதுண்டு. தவறான வடிவமைப்பு முடிவால் பயனர் இழப்பது ஒரு பொருளின் விலை. தொழிலாளர் இழப்பது வேலை. ஆகவே கேட்கப்பட வேண்டியோர் வரிசையில் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து உள்ளது.

நடைமுறை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து கீழ்க்காணும் வேறுபாடுகள் பெறப்படுகின்றன.

* குறை பற்றிய பின்னூட்டம் பெரும்பாலும் நம்பத்தக்கது. தீர்வு பற்றிய பின்னூட்டம் ஆராய்ந்து ஏற்கத்தக்கது.
* பேசுவோரை மட்டும் அல்லாது, விலகிச் சென்றோரையும் இன்னும் வாராதோரையும் அறிய வேண்டும்.
* பொருளின் அடையாளம் எது, வெறும் பழக்கம் எது எனப் பிரித்தறிவது உருவாக்குநரின் பொறுப்பு.
* பின்பற்ற இயலாத வேண்டுகோளுக்கு மறுப்பைக் காரணத்துடன் தெரிவித்தல் நன்று.
* உயிர்ப் பாதுகாப்பு வாக்கெடுப்புக்கு உரியது அன்று.

ஆகவே பின்னூட்டத்தைக் கேட்பதும் அதற்குக் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல. கேளாமை நோக்கியாவுக்குச் சந்தையை இழக்கச் செய்தது. கேட்டும் கீழ்ப்படியாமை ராயல் என்ஃபீல்டை வளர்த்தது. கேட்டபடியே செய்தமை 2018ஆம் ஆண்டு சான்ட்ரோவைக் காக்கவில்லை.

மேலும் காண்க

* திருப்பெரும்புதூர்
* ஒரகடம்
* சிப்காட்
* நிகழ்பட ஆட்டம்
* கைசன்
* பாரத் என்கேப்